கல்லன் இரண்டாம் எண் மைதானம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவிலிருந்து கிழக்கே, கடலை ஒட்டிய சாலையில் சுமார் 20 மைல் போனால் கல்லன் என்ற சின்ன ஊர் வரும். ஊருக்கு மேற்கே ஒரு குன்று. அந்தக் குன்றின் மேலும் அதைச் சுற்றியும் கல்லன் கோல்ஃப் கிளப்பின் மூன்று மைதானங்கள் பரந்து கிடக்கின்றன. கிளப் 1882இல் தொடங்கியது. ஒன்றாம் எண் மைதானம் 1884இலும், இரண்டாம் எண் 1898இலும், மூன்றாம் எண் 1910இலும் வந்தன.

வெளியூர்க்காரர்கள் தேடி வருவது ஒன்றாம் எண்ணைத்தான். 2015இலும் 2018இலும் ஸ்காட்டிஷ் ஓப்பன் போட்டி கல்லனில் நடந்தது. முதல் தடவை ரிக்கி ஃபௌலர் வென்றார், அடுத்த தடவை பிராண்டன் ஸ்டோன் கடைசி நாள் ஆட்டத்தை 60 அடிகளில் முடித்து வென்றார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒன்றாம் எண் மட்டும்தான் மனதில் நிற்கும். ஆனால் போட்டிக்காக அமைத்த 18 ஹோல்களில் (தொடங்கும் இடம் முதல் பந்தைப் போட வேண்டிய குழி வரையுள்ள பாதை ஒரு ஹோல்) இரண்டாம் எண்ணிலிருந்து எடுத்தவையும் இருந்தன. இரண்டும் ஒரே குன்று, ஒரே மணல், ஒரே புல், ஒரே காற்று.

லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல் நிலத்தில் இதுவரை ஆடியதே இல்லை என்றால் இரண்டாம் எண்ணில்தான் தொடங்க வேண்டும் என்பேன். ஒன்றாம் எண் கிடைக்காதபோது போகிற இடமாக இதை நினைக்காதீர்கள். கட்டணம் ஒன்றாம் எண்ணைவிட நன்றாகவே குறைவு. டீ நேரம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், கிடைப்பதும் சுலபம். பார் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கப்படும் மொத்த அடிகள்) 71, முழு நீளம் சுமார் 6,400 யார்டு. இதை வடிவமைத்த வில்லி பார்க் ஜூனியர், 1887இலும் 1889இலும் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றவர். பக்கத்து ஊரான மசல்பரோக்காரர். இந்தக் கடற்கரை மண்ணை அறிந்த கை அது.

எப்போது போவது

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஸ்காட்லாந்தில் எப்போதும் மழைதான் என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் கல்லன் இருக்கும் கிழக்கு லோதியன் அந்த நாட்டிலேயே மழை குறைவாகவும் வெயில் அதிகமாகவும் உள்ள பகுதிகளில் ஒன்று. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் பெரும்பாலும் மலைப்பகுதியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றன.

ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். அதனால் மாலை 4 மணிக்கு ஆட்டம் தொடங்கினாலும் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். மாலை நேரத்துக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று முன்பதிவின்போது பாருங்கள். டிசம்பரில் நிலைமை தலைகீழ், மாலை 3.40க்கெல்லாம் சூரியன் போய்விடும். குளிர்காலத்தில் போவதானால் காலை நேரம் மட்டுமே எடுங்கள்.

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் 'ஹார்' என்கிற கடல்மூடுபனிக்குத் தயாராக இருங்கள். எடின்பரோவில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கடலோரத்தில் நூறு யார்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில்தான் இது வரும். சில மணி நேரத்தில் விலகவும் செய்யும். வானிலையை எடின்பரோவுக்குப் பார்க்காமல் கல்லனுக்கே பாருங்கள், காற்று எந்தத் திசை என்பதையும் சேர்த்து.

முன்பதிவு

கிளப்பின் இணையதளத்தில் வருகையாளர்களுக்கென்று பதிவு செய்யும் வசதி இருக்கிறது. மூன்று மைதானங்களும் தனித்தனியாக வரும், இரண்டாம் எண்ணைத்தான் தேர்ந்திருக்கிறீர்களா என்று பணம் கட்டுமுன் ஒருமுறை பாருங்கள். வார நாட்களே நல்லது. வார இறுதிக் காலைகள் பொதுவாக உறுப்பினர்களின் போட்டி நேரம்.

தனியாக வருகிறவர் என்றால் கிளப்புக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். இரண்டு பேர், மூன்று பேராக வருகிறவர்களோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்து ஆடுவது புதியவருக்கு லாபம். எங்கே அடிக்க வேண்டும், எந்தப் பங்கர் (மணல் குழி) கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கிறது என்பதை உள்ளூர்க்காரர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிடுவார்.

ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வைத்திருந்தால் அதற்கான சான்றை போனில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் ஸ்காட்லாந்திலும் உலகப் பொது ஹேண்டிகேப் முறைதான், எனவே உங்கள் ஊர் எண் அங்கேயும் செல்லும். ஹேண்டிகேப் இல்லாதவர்கள் பதிவின்போதே அதைச் சொல்லி, ஆடலாமா என்று கேட்டுவிடுவது நல்லது. கடைசியாக, ரத்து செய்யும் விதிகளைப் படியுங்கள். மழை பெய்கிறது என்பதற்காகப் பணம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஊரில் மழை ஆட்டத்தை நிறுத்தும் காரணமே இல்லை.

போய்ச் சேருவது

காரில் போனால் ஏ198 சாலை. எடின்பரோவின் நடுவிலிருந்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு 124 எண் பேருந்து. எடின்பரோவிலிருந்து நார்த் பெரிக் வரை போகும் வண்டி, கல்லன் ஊருக்குள்ளேயே நிற்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். வங்கி அட்டையைத் தட்டியே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். கல்லனில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்தில் உள்ளது ட்ரெம் நிலையம், அங்கிருந்து சுமார் 3 மைல். கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலும் டாக்சியும் மாறுவதைவிட நேரே பேருந்தில் போவதே நிம்மதி.

பேருந்தில் போகிறவர்கள் பெரிய பையை விட்டுவிட்டு, தோளில் மாட்டும் இலேசான பையை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தடிக்கும் மட்டைகளான கிளப்புகளின் செட்டையே வாடகைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. அதையும் முன்பதிவோடு சொல்லி வைக்க வேண்டும், இடக்கைக்காரர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டீ நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஊரில் இருங்கள். கடையில் பெயரைச் சொல்லி ஸ்கோர் அட்டை வாங்க, காலணி மாற்ற, பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) பழகும் கிரீனில், அதாவது குழி உள்ள குட்டைப் புல்தரையில், கொஞ்ச நேரம் உருட்டிப் பார்க்க அந்த நேரம் சரியாக இருக்கும். அந்தப் பட்டிங் பழக்கத்தைத் தவறவிட வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மழையும் காற்றும் உள்ளே புகாத மேலங்கி, அதே துணியில் கால்சட்டை. உள்ளே மெல்லிய உடைகளாக இரண்டு மூன்று அடுக்கு. ஜூலையாக இருந்தாலும் குன்றின் மேல் குளிரும், அப்புறம் இறங்கி வரும்போது வியர்க்கும். அதனால் ஒரே கனத்த ஸ்வெட்டரைவிடக் கழற்றிப் போடும் அடுக்குகள் உதவும். காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று. நனைந்தாலும் வழுக்காத மழைக் கையுறை ஒரு ஜோடி. குடையை எடுத்து வராதீர்கள், கல்லன் குன்றின் காற்றில் குடை நிற்காது.

உடை விஷயத்தில் பெரிய கெடுபிடி இல்லை. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத கால்சட்டை, மென்முள் கோல்ஃப் காலணி போதும். பந்துகள் கொஞ்சம் அதிகமாகவே எடுத்து வையுங்கள். கிளப்புகள் 14க்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி, நடந்தே ஏறப்போகிறீர்கள் என்பதால் 9 அல்லது 10 போதும் என்பது என் கருத்து. தள்ளுவண்டி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வண்டியை நம்பிப் போகாதீர்கள். ஸ்காட்லாந்து லிங்க்ஸ் மைதானங்களில் நடப்பதுதான் வழக்கம். மூட்டுவலி போன்ற தேவை இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

முதல் டீயில்

மூன்று மைதானங்களும் ஊரின் ஓரத்தில் அருகருகேதான் தொடங்குகின்றன. நீங்கள் நிற்பது இரண்டாம் எண்ணின் டீதானா (முதல் அடி அடிக்கும் இடம்) என்று பலகையைப் படித்துவிட்டு நில்லுங்கள். ஸ்டார்ட்டர் உங்கள் பெயரைக் கூப்பிட்டு அனுப்புவார். வருகையாளர்கள் வழக்கமாக மஞ்சள் டீயிலிருந்து அடிப்பார்கள், வெள்ளை டீ பெரும்பாலும் போட்டிகளுக்கு. மஞ்சள் டீ என்பதில் எந்தக் குறையும் இல்லை. எதிர்க்காற்று அடித்தால் அதுவே நீளமாகத் தெரியும்.

மொத்த அடிகளைக் கூட்டும் எண்ணிக்கை ஆட்டம் ஆடாமல் ஸ்டேபிள்ஃபோர்டு ஆடுங்கள். ஒவ்வொரு ஹோலிலும் வாங்கும் புள்ளியைக் கூட்டுவதுதான் அதில் கணக்கு. ஒரு ஹோலில் புள்ளி கிடைக்க வழியில்லை என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். ஸ்காட்லாந்துக்காரர்களே தோழர்களோடு இப்படித்தான் ஆடுகிறார்கள். அங்கே மெதுவாக ஆடுவதைத்தான் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், மோசமாக ஆடினால் யாருக்கும் கவலையில்லை. நாலு மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். பின்னால் வேகமான குழு வந்தால் கையசைத்து முன்னே விடுங்கள்.

தரையைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

லிங்க்ஸ் நிலம் என்பது கடல் விட்டுப்போன மணல்மேடு. அதன் மேல் ஃபெஸ்க்யூ என்னும் ஊசி போன்ற மெல்லிய புல். மணல் தண்ணீரை உடனே குடித்துவிடுவதால் தரை எப்போதும் இறுகிக் கிடக்கும், மழை பெய்த மறுநாள்கூட சேறு இருக்காது. அந்தக் காலத்தில் பந்தயக் குதிரைகளைக் கல்லன் குன்றில்தான் பழக்கினார்கள். குதிரைக் காலுக்கு உகந்த அதே தரைதான் இன்று பந்து ஓடும் தரை. இரும்புக் கிளப்பால் அடிக்கும்போது பெரிய மண்கட்டி பெயராது, காகிதம் போல மெல்லிய ஒரு சீவல்தான் வரும். புல்லுக்கு அடியில் மெத்தை கிடையாது என்பதால் பந்துக்குப் பின்னால் தட்டினால் கிளப் துள்ளிப் பந்தின் தலையில் அடித்துவிடும். பந்தை முதலில் தொடுங்கள், தரை அப்புறம்.

பந்து விழுந்த இடத்தில் நிற்காது என்பதை முதல் மூன்று ஹோல்களிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். கிரீனின் கொடிவரை உயர அடித்தால் பந்து துள்ளிப் பின்பக்கம் ஓடிவிடும். கிரீனுக்கு 15, 20 யார்டு முன்னால் இறக்கி உருள விட வேண்டும். உருளும் வழியில் மேடு இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று நடந்து வரும்போதே பாருங்கள்.

கிரீனுக்கு வெளியே பத்து யார்டில் பந்து கிடந்தால் கை தானாக வெட்ஜை, அதாவது பந்தை உயரத் தூக்கும் கிளப்பை, தேடும். அதைப் பையிலேயே விட்டுவிட்டு, பந்தை உருட்டும் பட்டரை எடுங்கள். புல் அவ்வளவு குட்டை, தரை அவ்வளவு வழவழப்பு. முப்பது யார்டு தள்ளியிருந்தால் 7 எண் இரும்பை எடுத்துப் பட்டர் அடிப்பது போலவே தள்ளுங்கள். பந்து ஒரு சாண் உயரம் எழும்பி, இறங்கி, மீதி வழியெல்லாம் உருண்டு போகும். மென்மையான புல்தரையில் பழகியவர்களுக்கு இது முதலில் கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த மண் இந்த அடிக்கென்றே அமைந்தது.

அடுத்து காற்று. வழக்கமான காற்று தென்மேற்கு, மேற்குப் பக்கமிருந்து வரும். குன்று ஊருக்கு மேற்கே இருப்பதால் போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று, திரும்பி வரும்போது முதுகில் காற்று. எதிர்க்காற்றில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று படி தூரமாக அடிக்கும் கிளப்பை எடுத்து மெதுவாக அடியுங்கள். ஓங்கி அடித்தால் பந்து சுழன்று மேலே ஏறும், ஏறினால் காற்று அதைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிடும். முதல் ஒன்பது ஹோல்களில் புள்ளி குறைந்தால் மனம் தளராதீர்கள், காற்று உங்களுக்குக் கொடுக்கவேண்டியது பின்னால் இருக்கிறது.

குன்றின் மேலும் அந்தப் பக்கமும்

ஊரிலிருந்து கிளம்பி குன்றில் ஏறி, மேற்குச் சரிவில் அபர்லேடி வளைகுடாவை நோக்கி இறங்கி, பிறகு ஊருக்கே திரும்புவதுதான் இரண்டாம் எண்ணின் பாதை. ஏறி நின்றதும் ஒரு நிமிடம் நில்லுங்கள், பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்றால். மேற்கே எடின்பரோவும் ஆர்தர்ஸ் சீட் மலையும், வடக்கே ஃபோர்த் கடற்கழிக்கு அப்பால் ஃபைஃப் கரையும், கிழக்கே நார்த் பெரிக் லா என்னும் கூம்புக் குன்றும் தெரியும்.

கீழே விரிவது அபர்லேடி இயற்கைக் காப்பகம். 1952இல் அறிவிக்கப்பட்டது, பிரிட்டனின் முதல் உள்ளூர் இயற்கைக் காப்பகம் அதுதான். அக்டோபரில் ஆடப் போனால் ஆயிரக்கணக்கான வாத்துகள் தலைக்கு மேல் வரிசை கட்டிப் போவதைப் பார்க்கலாம். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கமிருந்து வரும் இளஞ்சிவப்புக் கால் கொண்ட கூஸ் வகை அவை. கடல் வற்றும் நேரத்தில் வளைகுடா மணலில் இரண்டு குட்டி நீர்மூழ்கிக் கப்பல்களின் சிதைவுகள் தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இலக்காக நிறுத்தப்பட்டவை.

எல்லையைக் குறிக்கும் வெள்ளைக் கம்பங்களுக்கு அப்பால் பந்து போனால் அதை மறந்துவிடுங்கள். தேடிக்கொண்டு காப்பகத்துக்குள் இறங்க வேண்டாம், தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும். சந்தேகம் இருந்தால் 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று சொல்லி இன்னொரு பந்தை அப்போதே அடித்து வையுங்கள். மைதானத்துக்குள் தொலைந்த பந்தைத் தேடவும் 3 நிமிடம்தான் விதி.

பந்து தொலைவதற்கு இரண்டு புதர்கள் முக்கியக் காரணம். ஒன்று கடலோரத்து பக்தார்ன், சாம்பல் பச்சை இலை, ஆரஞ்சு நிறப் பழம், நீண்ட முள். இன்னொன்று கோர்ஸ், ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். அதன் பக்கம் போனால் தேங்காய் வாசனை அடிக்கும், நிஜமாகவே. வாசனை பிடிக்கலாம், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். முயல்கள் தோண்டிய குழிக்குள் பந்து போய்விட்டால் அபராதம் இல்லாமல் வெளியே எடுத்துப் போட விதி அனுமதிக்கிறது.

பங்கர்களைப் பற்றி ஒரே அறிவுரை: வெளியே வந்தால் போதும். புல்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய ஆழமான பங்கர்களில் பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் கொடியைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ அடித்து வெளியேறுங்கள். அதுவும் முடியாது என்றால், 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு இரண்டு அடி அபராதம் ஏற்றுப் பந்தைப் பங்கருக்கு வெளியே பின்பக்கம் போடலாம். போகும்போது மணலைச் சமப்படுத்திவிட்டுப் போங்கள். கிரீனில் பந்து பதிந்த தழும்பையும் சரிசெய்யுங்கள்.

குன்றின் மேலே மூன்று மைதானங்களும் வேலியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அடுத்து லஃப்னெஸ் நியூ என்னும் வேறொரு கோல்ஃப் கிளப்பின் நிலமும் வந்து சேர்ந்துகொள்கிறது. புதியவர்கள் பக்கத்து மைதானத்தின் கிரீனுக்கு அடித்துவிடுவது சாதாரணமாக நடக்கக்கூடியது. ஒவ்வொரு டீயிலும் ஸ்கோர் அட்டையின் படத்தைப் பாருங்கள். வேறு மைதானத்து ஃபேர்வேயில் (புல் வெட்டிய ஆட்டப் பாதை) பந்து விழுந்தால், அங்கே ஆடுகிறவர்களை முதலில் போகவிட்டுவிட்டு அப்புறம் போய் எடுங்கள்.

நாயோடு நடப்பவர்களும் குடும்பங்களும் மைதானத்தின் குறுக்கே வருவார்கள். யாரோ அத்துமீறி வந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் கோல்ஃப் மைதானத்தைக் கடந்து செல்ல மக்களுக்கு உரிமை உண்டு, கிரீனை மிதிக்காதவரை. அவர்கள் தாண்டும்வரை நில்லுங்கள். பந்து யார் பக்கமாவது திரும்பினால் வெட்கப்படாமல் எச்சரிக்கையாக உரக்க 'ஃபோர்' என்று கத்துங்கள்.

ஆடி முடித்த பிறகு

கடைசி கிரீனில் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்குவது அங்கே வழக்கம், எத்தனை அடித்தாலும்.

சாப்பாட்டுக்கு ஒரு தகவல். ஸ்காட்லாந்தில் எங்கும் கிடைக்கும் பருப்பு சூப் நமக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் அதைப் பழைய முறைப்படி பன்றிக்கால் எலும்பு வேகவைத்த சாற்றில்தான் செய்வார்கள். சைவமாகச் சாப்பிடுகிறவர்களும் பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும் 'வெஜிடபிள் ஸ்டாக்கா?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், தயங்காமல் சொல்வார்கள். ஆட்டத்தின் நடுவில் பசிக்கு வாழைப்பழமும் கொஞ்சம் கடலையும் கையோடு கொண்டு போங்கள்.

குழந்தைகளோடு வந்திருந்தால் ஆறு ஹோல் கொண்ட சிறுவர் மைதானம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவர்கள் பிள்ளைகளோடு வந்தால் மட்டும் ஆடலாம். கோல்ஃப் ஆடாதவர்களுக்குப் பத்து நிமிட நடையில் கல்லன் பென்ட்ஸ் என்னும் அகன்ற மணற்கடற்கரை.

இன்னொரு நாள் கைவசம் இருந்தால், அன்றைக்கு ஒன்றாம் எண்ணைப் பதிவு செய்யுங்கள். இந்த வரிசையில் ஆடினால் அங்கே போகும்போது உங்கள் கை வெட்ஜைத் தேடாது. ஊர் திரும்பும் 124ஆம் எண் பேருந்தின் கடைசி நேரத்தை மட்டும் ஆட்டம் தொடங்குமுன்பே நிறுத்தத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறாக இருக்கலாம்.